கால்களைக் காட்டிவிட்டு ஓட்டுக் கேளுங்கள்

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சண்டை. ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் பார்த்துக்கொண்டிருந்தோம், மகள் தன் ஃபோனை எடுத்து ஓட்டுப் போட்டுவிட்டாள், அதுவும் அன்றைக்கு ஆடியவர்களிலேயே தாளத்தை இரண்டு இடத்தில் தவறவிட்ட ஆளுக்கு. ஏன்டி என்று கேட்டால், "அவர்தான்மா ஜாலியா இருந்தார்" என்றாள். நான் என் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். இது ஆட்டப் போட்டி, சிரிப்புப் போட்டி இல்லை, நாலு மாதம் உடம்பு வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டு வந்தவளை விட்டுவிட்டு இப்படிப் பண்ணலாமா என்று. அவள் டிவியைக் காட்டிக் கேட்டாள்: "சரிம்மா, அவங்க நல்லா ஆடினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முகம்தானே தெரிஞ்சது."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலு நாளாக அந்தக் கேள்வியே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிக்ட்லி என்பது 2004-லிருந்து பிரிட்டனில் பிபிசியில் வருகிற ஆட்டப் போட்டி. நடிகர், பாடகி, விளையாட்டு வீரர், செய்தியாளர், பழைய அமைச்சர் என்று பிரபலங்கள் வருவார்கள், ஒவ்வொருவருக்கும் தொழில்முறையில் ஆடுகிற ஒருவர் ஜோடி. நடுவர்கள் நாலு பேர், ஆளுக்குப் பத்து, ஆக மொத்தம் நாற்பது மதிப்பெண். அதோடு ஜனங்களின் ஓட்டைச் சேர்ப்பார்கள். கீழே வருகிற இரண்டு ஜோடியும் மறுபடி ஆட வேண்டும், அதில் யார் வீட்டுக்குப் போவது என்று நடுவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் இதே அச்சில் 2005-லிருந்து டான்சிங் வித் தி ஸ்டார்ஸ் ஓடுகிறது.

நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. எனக்கு ஆட்டம்தான் முக்கியம். ஆனால் இத்தனை வருடமும் நான் கோபப்பட்டது தப்பான ஆட்கள் மேல் என்று இப்போது தோன்றுகிறது.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் சார்ஜென்ட், அரசியல் செய்தியாளராக நாடு முழுக்கத் தெரிந்த முகம், அப்போதே அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ஜோடி கிறிஸ்டினா ரிஹானாஃப். பாசோ டோப்ளே என்பது காளையை அடக்கப்போகிற வீரனின் மிடுக்கோடு நெஞ்சை நிமிர்த்தி ஆட வேண்டிய ஆட்டம். அதில் அவர் அந்தப் பெண்ணைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார். நடுவர்கள் வாரா வாரம் அவரை அடியில் போட்டார்கள், ஜனங்கள் வாரா வாரம் தூக்கி மேலே வைத்தார்கள். நடிகை செரி லங்கி மாதிரி பார்க்கப் பார்க்க அழகாக ஆடியவர்கள் அவருக்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். நாடே இரண்டு கட்சியாகி, பேப்பரில் எல்லாம் இதே பேச்சு. நவம்பர் 19 அன்று அவராகவே விலகிக்கொண்டார். நான் ஜெயித்தே விடுவேன் போலிருக்கிறது, வேடிக்கை அளவு தாண்டிப் போகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். ஆடத் தெரியாத அந்த மனிதருக்கு ஆட்டத்தின் மேல் இருந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழ்கிறது.

அதோடு முடியவில்லை. அதே வருடம் டிசம்பரில் அரையிறுதி, மூன்று ஜோடி மீதம். நடுவர்களின் வரிசைக்குத் தனியாகவும் ஓட்டு வரிசைக்குத் தனியாகவும் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள், முதலிடத்துக்கு மூன்று, கடைசிக்கு ஒன்று. ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் நடுவர்களிடம் சமமாக முதலிடம், அதனால் இருவருக்கும் தலா மூன்று புள்ளி, டாம் சேம்பர்ஸுக்கு ஒன்று. ஓட்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊர் முழுக்க டாமுக்கே ஓட்டுப் போட்டாலும் அவர் கீழே நிற்கும் இருவரில் ஒருவராகத்தான் இருப்பார், கணக்கில் அவருக்கு வழியே இல்லை. அதாவது அவருக்காக ஃபோன் பண்ணியவர்களின் ஓட்டுக்கு மதிப்பே இல்லை. கடைசியில் மூன்று பேரையும் இறுதிக்கு அனுப்பி, அந்த ஓட்டுகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இறுதியில் ஜெயித்தது யார் தெரியுமா, டாம்தான். நவம்பரில் ஜனங்களின் ஓட்டு நடுவர்களை ஒன்றுமில்லாமல் ஆக்கியது, டிசம்பரில் நடுவர்களின் மதிப்பெண் ஜனங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கியது, இரண்டும் ஒரே சீசனில்.

அந்தக் கீழ்-இரண்டு-ஜோடி மறு ஆட்டத்தை 2010-லும் 2011-லும் எடுத்துவிட்டார்கள். 2010-ல்தான் முன்னாள் அமைச்சர் ஆன் விட்கோம் வந்தார். கம்பியில் தொங்கியபடி மேலேயிருந்து அரங்கத்துக்குள் இறங்கினார், ஜோடி ஆன்டன் டு பெக் அவரைத் தரையில் இழுத்தார், நடுவர் கிரெய்க் ரெவல் ஹார்வுட் பத்துக்கு ஒன்று என்ற அட்டையை நீட்டினார். அப்படியும் அவர் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார். தடுத்து நிறுத்த நடுவர்கள் கையில் எதுவுமே இல்லையே. 2012-ல் மறு ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், இன்றுவரை இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "காமெடி பண்ணுகிறவர்களே உனக்குப் பிடிக்காது" என்று மகள் சொல்கிறாள், அது உண்மை இல்லை. 2016-ல் எட் பால்ஸ் வந்தாரே, முந்தின வருடத் தேர்தலில் தன் தொகுதியைத் தோற்றுவிட்டு வந்த அரசியல்வாதி, கேட்யா ஜோன்ஸோடு கங்னம் ஸ்டைல் பாட்டுக்கு ஒரு சல்சா ஆடினார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த மனிதர் தாளத்தின் எண்ணிக்கையை விடவில்லை. வியர்த்து வழிந்துகொண்டு உதடு முணுமுணுக்க எண்ணிக்கொண்டே ஆடினார். தெரியாததைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிற ஒருவரைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் வேறு, கம்பியில் தொங்கவிட்டுச் சிரிக்க வைப்பது வேறு. 2020-ல் ஓட்டி மபூஸோடு ஆடி ஜெயித்த பில் பெய்லியும் நகைச்சுவைக்காரர்தான், அப்போது அவருக்கு 55 வயது, அவர் ஜெயித்தது ஆடித்தான்.

அமெரிக்காவில் நடந்ததுதான் இதைவிட வலிக்கிறது. 2018-ல் ரேடியோ தொகுப்பாளர் பாபி போன்ஸ் ஜெயித்தார். நடுவர்களின் மதிப்பெண்ணில் அவர் வாரா வாரம் வால் பக்கம். அரையிறுதியில் முழு மதிப்பெண் வாங்கிய ஹுவான் பாப்லோ டி பாசே அன்றைக்கே வெளியே. ரேடியோ நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்த கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் உன் பங்கு எத்தனை சதவீதம், மொத்த ஓட்டில் உன் பங்கு எத்தனை சதவீதம், இரண்டையும் கூட்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்து ஜோடிக்கு 30, 29, 28, 27, 22 என்று மதிப்பெண் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 136. முதல் ஜோடிக்கு 22 சதவீதம், கடைசி ஜோடிக்கு 16 சதவீதம், வித்தியாசம் வெறும் ஆறு. ஓட்டில் அப்படி இல்லை, ஒருவருக்கு 35 சதவீதம், இன்னொருவருக்கு 12 சதவீதம் என்று சாதாரணமாகப் போகும். பாதிக்குப் பாதி என்று சொல்லிக்கொண்டாலும் தராசு முழுக்க ஓட்டுப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். நடுவர்கள் யாரையும் நோகடிக்காமல் எல்லோருக்கும் எட்டும் ஒன்பதுமாக அள்ளிக் கொடுக்கக் கொடுக்க, அவர்கள் கையில் இருந்த பலமும் கரைந்துபோகிறது. அடுத்த வருடம், 2019-ல், கீழே நிற்கும் இருவரில் ஒருவரை நடுவர்கள் காப்பாற்றலாம் என்று விதியை மாற்றினார்கள்.

சரி, விதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். என் மகளின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்னால் நானும் வீட்டுக்காரரும் பக்கத்து ஊர் சமூகக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் பால்ரூம் வகுப்புக்குப் போனோம். முதல் நாள் முழுக்க வால்ட்ஸின் முதல் மூன்று அடி, அவ்வளவுதான். முன்னால் போகிற அவருக்கு முதலில் குதிகால் தரையைத் தொட வேண்டும், பின்னால் போகிற எனக்கு முதலில் விரல், அப்புறம்தான் குதிகால். ஒன்றின் முடிவில் உடம்பு எழ ஆரம்பித்து, இரண்டிலும் மூன்றிலும் விரல்மேல் உயர்ந்து, மூன்று முடிகிற இடத்தில் குதிகால் மெதுவாக இறங்க வேண்டும். டீச்சர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், குதிகால் சத்தம் போட்டு விழுந்தால் தலையை அசைப்பார். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, இவர் எதுவும் சொல்லவில்லை, தள்ளவும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று என் விலா எலும்பில் தெரிந்தது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அப்படி ஒன்று நடந்தது. கை, முதுகு, தோள் சேர்ந்து நிற்கிற அந்தச் சட்டத்தைத்தான் ஃப்ரேம் என்கிறார்கள், ஆட்டத்தின் பேச்சு முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது.

அதற்குப் பிறகு டிவியில் பார்க்கும்போது என் கண் தானாகக் கீழே போகிறது, ஆனால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பதிவு செய்து வைத்திருந்த ஒரு ஃபாக்ஸ்ட்ராட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றரை நிமிட ஆட்டத்தில் பாதம் தெளிவாகத் தெரிந்த நேரம் எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்து நொடி தேறாது. முகம் வருகிறது, நடுவர் சிரிப்பது வருகிறது, அரங்கத்தில் அம்மா அழுவது வருகிறது, மேலேயிருந்து புகையும் விளக்கும் வருகிறது, நடுவில் பெண்ணின் பாவாடை மிச்சத்தை மறைத்துவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் கிரெய்க் குதிகால் சரியில்லை என்கிறார், மொத்த அரங்கமும் அவரைப் பார்த்துக் கூச்சல் போடுகிறது. போடத்தானே செய்யும், அந்தக் குதிகாலை யார் பார்த்தார்கள்? ரம்பாவில் எடை ஒரு காலுக்கு மாறும்போது முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு அசைவு அதிலிருந்துதான் பிறக்கிறது. அதைக் காட்டாமல் இடுப்பை மட்டும் காட்டினால், சும்மா ஆட்டிக்கொண்டு நிற்பவரும் கற்று ஆடுபவரும் ஒன்றாகத்தானே தெரிவார்கள்? வார நாட்களில் இட் டேக்ஸ் டூ நிகழ்ச்சியில் அடிகளை நிறுத்தி விளக்குகிறார்கள், அருமையாக இருக்கும். ஓட்டுப் போடுகிற ராத்திரியில் அது இல்லை. ஆட்டத்தை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் கொடுத்தால் ஜனங்கள் முகத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். என் மகள் தனக்குக் கிடைத்ததை வைத்து நேர்மையாகத்தான் முடிவு செய்திருக்கிறாள்.

திறமையைக் காட்டினால் போர் அடிக்கும், ஆட்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நான் 2021-ஐக் காட்டுவேன். ரோஸ் எய்லிங்-எல்லிஸ், காது கேளாத முதல் போட்டியாளர், ஜோடி ஜியோவானி பெர்னிச்சே. ஒரு ஆட்டத்தின் நடுவில் இசையை முழுக்க நிறுத்திவிட்டார்கள். சத்தமே இல்லாமல் இருவரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள், இசை திரும்ப வந்தபோது சரியாக அதே இடத்தில் இருந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். அதற்குச் சில வாரம் முன்புதான் ஆறாவது வாரத்திலேயே ஒரு டேங்கோவுக்கு நாற்பதுக்கு நாற்பது வாங்கியிருந்தார், அவ்வளவு சீக்கிரம் அதுவரை யாரும் வாங்கியதில்லை. எண்ணிக்கை உடம்பில் ஊறாமல், ஜோடியின் அசைவைத் தன் உடம்பால் வாங்கத் தெரியாமல் அந்த மௌனத்தை ஆடியிருக்கவே முடியாது. அந்த வருடத்தின் மிகப் பெரிய பொழுதுபோக்கும் அதுதான், மிகப் பெரிய திறமையும் அதுதான்.

2024-ல் கிறிஸ் மெக்காஸ்லண்ட் ஜெயித்தபோது பரிதாப ஓட்டு என்று சிலர் எழுதினார்கள், எனக்கு அப்படிக் கோபம் வந்தது. பார்வை இல்லாத ஒருவருக்கு டயான் பஸ்வெல் ஒவ்வொரு அடியையும் சொல்லாலும் தொடுதலாலும் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொள்ளவோ வீடியோ பார்த்துப் பழகவோ அவருக்கு வழி கிடையாது. ஜோடியின் கையை விட்டுவிட்டுத் தனியாக நகர்ந்து மறுபடி சரியாக அவர் கைக்கே வந்து சேர்ந்தாரே, அது என்ன பரிதாபத்தில் நடக்கிற காரியமா? அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டது திறமைக்குத்தான். எது கஷ்டம் என்பது அவர் விஷயத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மற்றவர்கள் விஷயத்தில் தெரிவதில்லை.

ஏற்கெனவே மேடையில் ஆடிப் பழகியவர்களைச் சேர்க்கலாமா என்று ஒரு சண்டை ஒவ்வொரு வருடமும் வரும். 2018-ல் பாப் குழுவில் ஆடிப் பழகிய ஆஷ்லி ராபர்ட்ஸ் அத்தனை நன்றாக ஆடியும் ஜெயிக்கவில்லை, ஸ்டேசி டூலிதான் ஜெயித்தார். என்னைக் கேட்டால் சேர்க்கலாம், ஆனால் யார் எவ்வளவு பழகியவர் என்று முதல் வாரமே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி ஒரு இருபது நொடி, வெட்டாமல். நடுவர் குதிகால் என்று சொன்னால் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள், கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவுக்குக் காட்டுவதில்லையா? அதற்கப்புறமும் என் மகள் அந்த ஜாலியான மனிதருக்கே ஓட்டுப் போட்டால் போடட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை நானும் அவளும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, கேமரா எப்போதெல்லாம் அனுமதிக்கிறதோ அப்போதெல்லாம் பாதத்தை மட்டும் பார்ப்பது, முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்த்துவிட்டு, யார் குதிகால் முதலில் இறங்கியது என்று கீழே எழுதுங்கள்.