கடவுள்மேல் கோபம் வந்தால் அதை எந்த ஆலோசகரிடம் சொல்வது?

மனம், உடல், ஆன்மிகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் உளசிகிச்சை பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது அறிவியலுக்குள் சாமியாரை நுழைக்கும் வேலை. இன்னொரு கட்சிக்கு, மூச்சுப் பயிற்சியும் தியானமும் இருந்தால் போதும், மாத்திரையே வேண்டாம். நான் இரண்டிலும் இல்லை. அப்படி ஒரு சிகிச்சை கட்டாயம் வேண்டும் என்று நம்புகிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. அந்த அறைக்குள் வரும் ஆன்மிகம் சிகிச்சைக்கு வந்தவருடையதாக இருக்க வேண்டும். சிகிச்சை தருபவருடையது வாசலிலேயே நின்றுவிட வேண்டும்.

முதலில் உடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று ஒருவர் அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார். இசிஜி நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்பது எப்படிச் சரியாகும்? அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு உண்மையிலேயே ஏறியிருக்கிறது. வேக வேகமாக மூச்சு விட்டதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன. இதை ஒருவர் பொறுமையாக விளக்கினாலே பாதிப் பயம் போய்விடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. எதிலும் பிடிப்பில்லை, எப்போதும் அசதி என்று மனநல ஆலோசகரிடம் வருபவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம், பி12 குறைபாடோ ரத்தசோகையோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யச் சொல்லாமல் சிறுவயதுக் காயங்களை மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தால் அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

மூளையிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பில் ஏறக்குறைய 80 சதவீத இழைகள் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கீழே போகும் உத்தரவைவிட மேலே வரும் செய்திதான் அதிகம். மூச்சை வெளியே விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். பதற்றத்தில் இருப்பவரிடம் உள்ளிழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டச் சொல்வது அதனால்தான். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

உடலைக் கவனிக்கிற ஆலோசகர் என்ன செய்வார்? வந்தவர் தன் அப்பாவைப் பற்றி, வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சமமான குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் வலது கை நாற்காலியின் விளிம்பை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆலோசகர் குறுக்கிட்டு விளக்கம் சொல்வதில்லை. "உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும்போல் இருக்கிறது?" என்று மட்டும் கேட்கிறார். அவர் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "தள்ள வேண்டும்போல் இருக்கிறது" என்கிறார். எத்தனையோ அமர்வுகளில் வாய் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது.

மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் அதிர்ச்சி மனநோயால் (PTSD) நெடுநாளாக அவதிப்பட்டு, வேறு சிகிச்சைகளில் போதிய பலன் கிடைக்காத 64 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். 10 வாரம் யோகா செய்தவர்களில் 31 பேரில் 16 பேர் முடிவில் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. யோகாவுக்குப் பதிலாக உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போனவர்களில் 29 பேரில் 6 பேர்தான் அப்படி மீண்டார்கள். சிறிய ஆய்வுதான், இதை மட்டும் வைத்து உலகத்தையே மாற்றிவிட முடியாது. ஆனாலும் உடலைத் தொடாத பேச்சு சிலருக்குப் போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நோயை உயிரியல், உளவியல், சமூகம் என்று மூன்று பக்கமிருந்தும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-லேயே எழுதினார். இன்று மருத்துவக் கல்லூரிகளில் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் ஆன்மிகம் இல்லை. என் ஆதங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு தோழி தன் மகனைப் பறிகொடுத்தாள். தூக்கம் போனது, வேலைக்குப் போக முடியவில்லை. ஆலோசகரிடம் போனாள். நல்லவர், படித்தவர், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது இவள் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள்: "எனக்குக் கடவுள்மேல் கோபம். பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது. அப்படித் திட்டியதற்கும் தண்டனை வருமோ என்று பயமாக இருக்கிறது." அவர் தலையசைத்துவிட்டு, "சரி, அது உங்கள் தனிப்பட்ட நம்பிக்கை, அதற்குள் நான் வரவில்லை. தூக்கத்தைப் பற்றிப் பேசலாம்" என்றாராம். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்ததே அந்தப் பயம்தானே! அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. வேறொருவரிடம் போனாள். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "கடவுளிடம் முன்பெல்லாம் எப்படிப் பேசுவீர்கள்?" அன்று ஒரு மணி நேரமும் அவள் அதையே பேசினாள். அவர் கடவுள் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கோபப்படலாம், அதுவும் ஓர் உறவுதான் என்கிற இடத்துக்கு அவளே வந்து சேர வழிவிட்டார். தூக்கம் மெல்ல மெல்லத்தான் திரும்பியது.

இது மென்மையான மனசுக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 55 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டது. கடவுள் கைவிட்டுவிட்டார், அவருக்கு என்மேல் அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உடல்நிலையையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் 1994 பதிப்பில் 'மத அல்லது ஆன்மிகச் சிக்கல்' என்று தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தது. நோயாக அல்ல, சிகிச்சையில் கவனம் கொடுக்க வேண்டிய விஷயமாக. மதத்தை மனிதகுலம் முழுவதையும் பிடித்த மனநோய் என்று ஃப்ராய்ட் 1927-ல் எழுதியதை நினைத்துப் பார்த்தால், அந்தத் துறை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று புரியும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்தப் பக்கம் உண்டு. எதற்காக வாழ்கிறேன், போனவர்களுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன், எதை மன்னிக்க முடியாது என்ற கேள்விகள் நாத்திகரையும் நடுராத்திரியில் எழுப்பிவிடும். நாஜி வதை முகாம்களில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், வாழ்வின் அர்த்தத்தைத் தேடுவதையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தார்.

சரி, எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். வீட்டில் அடிவாங்கிய பெண்ணிடம் "இது உன் கர்மா, அவரை மன்னித்துவிட்டால் லேசாகிவிடுவாய்" என்று சொல்பவர் தன்னை முழுமை சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. காயத்தைப் பார்க்காமல் ஆன்மிகத்தை வைத்துத் தாண்டிப் போகிற இந்தப் பழக்கத்தை ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே அடையாளம் காட்டிவிட்டார். அவர் புத்த மதத் தியானத்தில் ஊறியவர். வெளியில் நின்று குறை சொன்னவர் அல்ல. மன்னிப்பு வந்தால் வரட்டும், அதை மருந்துச் சீட்டில் எழுதித் தர யாருக்கும் உரிமை இல்லை. கோபம் முதலில் வெளியே வர வேண்டும், பாதுகாப்பான இடம் கிடைக்க வேண்டும், தேவைப்பட்டால் காவல்துறைக்கும் போக வேண்டும்.

தியானமும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. 1979-ல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி எத்தனையோ பேருக்கு நாள்பட்ட வலியோடு வாழக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் கடும் அதிர்ச்சிக்கு ஆளான ஒருவரைக் கண்ணை மூடி அமைதியாக உட்காரச் சொன்னால், மூடிய கண்ணுக்குள் அந்தச் சம்பவமே திரும்பத் திரும்ப ஓடலாம். தியானத்தில் பயம், தூக்கமின்மை, தன்னைவிட்டே விலகிப்போன உணர்வு வந்தவர்களைப் பற்றி வில்லோபி பிரிட்டன், ஜாரெட் லிண்டால் என்ற ஆய்வாளர்கள் 2017-ல் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவரை ஆளில்லாத இடத்தில் பல நாள் மௌன முகாமில் விடுவது ஆபத்து. இது தெரியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது. உடல்வழி சிகிச்சை என்ற பெயரில் அனுமதி கேட்காமல் தோளில் கை வைப்பவரும் கூடாது. துன்பத்தில் இருப்பவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் போக நினைப்பவர்கள் முதல் நாளே வெளிப்படையாகக் கேளுங்கள். நீங்கள் எங்கே என்ன படித்தீர்கள்? என் மனநல மருத்துவரோடு தேவைப்பட்டால் பேசுவீர்களா? எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை (அல்லது என் நம்பிக்கை உங்களுடையதிலிருந்து வேறு), அதனால் ஏதாவது மாறுமா? ஒரு பயிற்சி எனக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்? நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுவார்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். இதையெல்லாம் கேட்பதற்கு முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கட்டிய பணம் போனால் போகட்டும், அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.