தோல்வியைப் பரிசு என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த உயர்தரப் பரீட்சைப் பாராட்டு விழாவில் என்ன பேசப்பட்டது என்பதை நான் இங்கே மீண்டும் எழுதப் போவதில்லை. அந்தக் காணொளியைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். மூன்று ‘ஏ’ எடுத்த பிள்ளைகளை மேடையில் இருத்தி மாலை போட்டுவிட்டு, பின்வரிசையில் தாய் தகப்பனோடு ஒடுங்கிப்போய் இருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, தோல்விதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு என்று ஒருவர் சொல்வதும் அதற்கு மண்டபமே கரகோஷம் எழுப்புவதும் எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தன. பரிசு என்றால் அந்தப் பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்திருக்க வேண்டாமா?

தோல்வி யாரையும் வளர்ப்பதில்லை. விழுந்த பிறகு கால் ஊன்ற ஓர் இடமும், அந்த இடத்தைக் காட்டிவிட ஒரு மனிதரும், கொஞ்சக் காலத்துக்கு வீட்டில் சோறும் கிடைத்தவர்கள்தான் வளர்கிறார்கள். அவை கிடைக்காதவர்கள் எந்த மேடையிலும் வந்து பேசுவதில்லை என்பதால், தோல்விக்கே ஏதோ சக்தி இருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இதைத் தோல்வி என்று அழைப்பதே சரியா என்று பாருங்கள். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகின்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இடமிருப்பதோ அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் உள்ள இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையின்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. கொழும்பிலிருந்து பரீட்சை எழுதி மருத்துவத்தைத் தவறவிடுகின்ற ஒரு பிள்ளையின் இசட் புள்ளி, அதாவது அனுமதிக்காகக் கணிக்கப்படும் தரப்படுத்திய புள்ளி, வேறு மாவட்டமொன்றின் வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியை, தாண்டியிருப்பது புதுமையன்று. இந்தப் பங்கீட்டுக்குக் காரணமுண்டு. வசதியில்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அது நியாயம், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இடம் போதாமையால் வெளியே நிற்கின்ற பிள்ளையிடம் போய், நீ தோற்றாய், அது உனக்கு நல்லது என்று சொல்வது எந்த வகையில் ஊக்கமாகும்?

நானும் அந்தப் பின்வரிசையில் இருந்தவள்தான். உயிரியல் பிரிவில் படித்து, கொழும்பு வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பு ஒன்று விடாமல் ஓடித்திரிந்து, வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்று, மீண்டும் எழுதி, மீண்டும் கீழே நின்றேன். அந்தக் காலத்தில் எனக்குள் எதுவும் வளரவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பகலில் உறங்கினேன். என்னை எழுப்பியது என் மனவுறுதி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. மாடிவீட்டு அண்ணா ஒருவர் கட்டடத் துறையில் இருந்தார். கியூ.எஸ். என்று, கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுகின்ற ஒரு படிப்பு இருக்கிறது, விண்ணப்பம் முடிய முன் போடு என்று படிவத்தைக் கொண்டுவந்து கையில் தந்தவர் அவர்தான். அவர் வேறு வீட்டில் குடியிருந்திருந்தால் நான் இன்று எங்கே இருந்திருப்பேனோ தெரியாது.

வகுப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழில் மட்டுமே படித்துவந்த எனக்கு முதற் பருவம் முழுவதும் தலை சுற்றியது. தொழிலை எனக்கு உண்மையில் கற்றுத் தந்தவர் பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை செய்த மேசன் பாஸ், அதாவது தலைமைக் கொத்தனார். பூச்சு வேலையை அளக்கும்போது சுவரின் பரப்பிலிருந்து ஜன்னலைக் கழிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அவர் ஜன்னல் துவாரத்தின் உள் ஓரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை இழுத்து, “மிஸ், இதுக்கும் பூசத்தானே வேணும், இதையும் சேருங்க” என்றார். அவருடைய ஆட்கள் ஸ்கொயர் (நூறு சதுர அடி) கணக்கில் கூலி வாங்குகின்றவர்கள். அந்த ஓரத்தை விட்டால் அவர்களுடைய சம்பளத்தில்தான் குறையும். அன்றுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிப்பு வந்தது. ஒரு மனிதர் தன் வேலையை நிறுத்திவைத்து எனக்காக ஒதுக்கிய அரை மணித்தியாலத்தில் கிடைத்த வளர்ச்சி அது. தோல்வி எனக்குத் தந்ததாக அதை எப்படிச் சொல்வேன்?

பிறகு 2022 வந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. சீமெந்து மூட்டை 3000 ரூபா வரை போனது. காலி வீதி நெடுகிலும் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. நான் வேலை செய்த நிறுவனம் எங்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. நான் மூன்று வேளை உண்டது தங்கையின் சம்பளத்தில். அந்த மேசன் பாஸுக்கு அப்படி ஒரு தங்கை இல்லை. அவர் தன் வேலைக் கருவிகளை விற்றுவிட்டு ஊருக்குப் போனார், பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே அடி, ஒரே மாதத்தில் விழுந்தது. நான் எழுந்தேன் என்பதற்காக என்னைவிட அவருக்கு மனவுறுதி குறைவு என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

இதைப் போன முறை சுருக்கமாக எழுதியபோதே, உனக்குப் பொறாமை என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதில் எழுத விருப்பமில்லை. கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன், அவர்களுக்கு யார் கை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மனமுடைந்த பிள்ளைக்கு நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்வது தவறா என்று ஓர் ஆசிரியை மிகுந்த அன்போடு கேட்டிருந்தார். தவறில்லை, ரீச்சர். ஆனால் அந்த நாலு வார்த்தையில் ஒன்றாவது ஒரு முகவரியாக இருக்கட்டும். மருதானையில் 1893ஆம் ஆண்டிலிருந்து ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு, ஏழாவது பட்டத்துக்குச் சமம், அதைப் படிக்க இரத்மலானையில் யுனிவொடெக் என்ற தொழிற்கல்விக்கான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. அன்றைய விழாவில் அவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவர்கூட இவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் சனத்துக்குத் தொழிற்கல்வி ஒரு படிப்பே இல்லை. நான் சைற்றுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், “பிள்ளை இப்ப என்ன செய்யிறா?” என்று கேட்ட மாமிமாருக்கு அம்மா பதில் சொல்லாமல் தேநீர் ஊற்ற எழுந்து போவார். அப்பா, “அவ இன்னும் படிக்கிறா” என்று முடித்துவிடுவார். என் தலைக்கவசத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டச் சொன்னவரும் அவர்தான். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. டொக்டர், எஞ்சினியர் தவிர மற்றதெல்லாம் மிச்சம் என்று ஊரே சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? அது இன்றும் வலிக்கிறது. பரீட்சை தந்த வலி எப்போதோ ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

விழா ஏற்பாட்டாளர்களிடம் கேட்கிறேன். அடுத்த வருடம் பெறுபேறு வெளியான கிழமையிலேயே அந்த மண்டபத்தை ஒரு பின்னேரத்துக்குத் தாருங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டாம். தாதியர், மின்னியலாளர், கணக்காளர், கியூ.எஸ்., சமையற்கலைஞர் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் தமிழில் பேசக்கூடிய ஆட்களை அழைத்துவருவது என் பொறுப்பு. விண்ணப்பப் படிவங்களை மும்மொழியிலும் அச்சிட்டுக்கொண்டு வருவேன். இந்தப் பதிவை வாசிக்கின்ற துறைசார்ந்த நண்பர்கள் உட்பெட்டியில் உங்கள் பெயரைத் தந்துவிடுங்கள். சிங்களம் தெரியாமல் தொழிற்கல்வி வகுப்பில் இருந்து திணறியவர்கள் முதலில் எழுதுங்கள், உங்களைத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படும்.