வட ஆர்க்காடு என்றால் தமிழர்தானா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் குடும்பம் ஒன்றின் பூட்டனாரைப் பற்றி நான் படித்த கட்டுரை, ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் அவர் மாவட்டம் 'வட ஆர்க்காடு' என்றிருப்பதை மட்டும் கொண்டு அவரைத் தமிழர் என்று முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1860 முதல் 1911 வரை, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற சுமார் 1,52,000 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஆனால் அன்றைய வட ஆர்க்காடு இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளோடு நின்றுவிடவில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், சந்திரகிரி, பலமனேர் போன்ற தெலுங்கு வழங்கும் தாலுகாக்களும் அதில்தான் இருந்தன. ஆகவே மாவட்டப் பெயரைவிட, அதற்கு அடுத்த கட்டங்களில் எழுதப்பட்டிருக்கும் தாலுகா, கிராமப் பெயர்களையே முதலில் பார்க்க வேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், அவற்றை உரக்கப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

அதே பட்டியலில் அவருடைய சாதிக் கட்டத்தில் உள்ள 'நாயுடு' என்ற சொல்லும் ஐயத்தைத் தீர்த்துவிடாது. பல தலைமுறைகளாகத் தமிழ் மண்ணில் வாழ்ந்து, வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசிய நாயுடு குடும்பங்கள் ஏராளம். அப்பூட்டனாரின் முனுசாமி என்ற பெயரோ இரு மொழியாரும் வைப்பது.

கட்டுரையில் போகிற போக்கில் வரும் ஒரு செய்தியே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது: அந்த வீட்டில் பாட்டியை இன்றும் 'அவ்வா' என்றே அழைக்கிறார்கள். வீட்டு மொழி தெலுங்காக இருந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான தடயம். அக்குடும்பத்து முதியவர்களிடம் தாலாட்டையும் திருமணச் சடங்குகளின் பெயர்களையும் இப்போதே கேட்டுப் பதிவு செய்யுமாறு கட்டுரையாளரை அன்புடன் வேண்டுகிறேன்.