சப்பாத்திக்கு மாறினால் சுகர் குறையுமா?

"ராத்திரி சோறே கிடையாது, சப்பாத்திதான். அப்பவும் சுகர் ஏன் குறைய மாட்டேங்குது?" சர்க்கரை நோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. இதைக் கேட்பவர்கள் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் இல்லை. பிடித்த சோற்றை விட்டுவிட்டு, பிடிக்காத சப்பாத்தியை வருடக்கணக்கில் மென்றுகொண்டிருப்பவர்கள். அவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் பலன் கிடைக்காமல் போவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் இந்த நீளப் பதிவு.

நாம் சாப்பிடும் மாவுச்சத்துதான் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகிறது. 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 64 கிராம். கோதுமையில் நார்ச்சத்து நிறைய, புரதமும் கொஞ்சம் கூடுதல், சரி. ஆனால் சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால், நாலு சப்பாத்தியில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போய்விடும். ஒரு கப் வடித்த சாதத்தில் இருப்பது 40 கிராம் சொச்சம்தான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வேறு. அதுவும் மாவுச்சத்துதானே? ஒரு கப் சாதத்தோடு ஒரு கிண்ணம் கூட்டும் ஒரு முட்டையும் சாப்பிட்டவரை விட, நாலு சப்பாத்தி குருமாக்காரருக்குச் சுகர் ஏறினால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. அதைவிட முக்கியமான செய்தி, மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் அபாயம் குறைகிறது. என்னைக் கேட்டால் இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

சிறுதானியம் சாப்பிடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. வளரும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சாமை, வரகு, கேழ்வரகு எல்லாவற்றிலும் மாவுச்சத்து 65 கிராமை ஒட்டியே இருக்கிறது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்து, சுகர் வேகமாக ஏறும். 'சிறுதானியம்தானே' என்று இரண்டு டம்ளர் குடிக்கும் சர்க்கரை நோயாளிகளை நினைத்தால் பயமாகவே இருக்கிறது.

நாட்டுச் சர்க்கரை விஷயம் இன்னும் மோசம். "நாங்க வெள்ளைச் சர்க்கரையைத் தொடுறதே இல்லை" என்று சொல்லிவிட்டு, மூன்று வேளைக் காபியிலும் இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை போடுவார்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை மூன்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை. இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். 100 கிராம் வெல்லத்தில் இருப்பதே சில மில்லிகிராம். ஒரு கரண்டியில் எவ்வளவு வந்துவிடும்? அந்த இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று நல்ல வழிகள் இருக்கின்றன. கருப்பட்டியின் மணத்துக்காகக் கருப்பட்டிக் காபி குடியுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லி விற்பவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும்கூட, குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது.

மாவுச்சத்தின் பெயரை மாற்றி மாற்றி நிம்மதி தேடுகிறோம். அதே நேரம், புரதம் தரும் பொருளைக் கண்டால் பயந்து ஒதுங்குகிறோம். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவதைப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் ஏறக்குறைய பாதி மஞ்சள் கருவில் இருக்கிறது, வைட்டமின்களில் பெரும்பாலானவையும் அங்கேதான். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்களே 2015இல் விட்டுவிட்டன. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு தினம் ஒரு முழு முட்டை பிரச்சினை இல்லை. (எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பேருக்குக்கூட இருக்காது.)

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற வீண் பயமும் அப்படித்தான். பல பத்தாண்டுகளாக வேகமாக வளரும் இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதாலும், தீவனத்தாலும்தான் அது ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வருகிறது. பண்ணையில் உள்ள ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா? கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பயன்பாட்டைப் பற்றி. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடை போட்டது அதனால்தான்.

சரி, ஏழைபாழைகள் புரதத்துக்கு எங்கே போவார்கள்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் அரிக்கிறது. தமிழ்நாட்டு ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். அந்தத் திட்டம் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்பது தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்தில் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் வரும் புரதம் 2 கிராம்கூட இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தினம் சுமார் 50 கிராம் தேவை. அரிசியிலிருந்தும் கொஞ்சம் வரும், ஆனால் அதை வைத்து நிரப்பப் பார்த்தால் மறுபடியும் சோற்று மலைதான்.

அதனால் வீட்டில் உடனே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சாதமோ சப்பாத்தியோ உங்களுக்குப் பழகியதையே சாப்பிடுங்கள், அளவைக் குறையுங்கள். தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் விடுங்கள். சாம்பாரைத் தண்ணீராக விடாமல் பருப்பைக் கெட்டியாகப் போடுங்கள். மாலையில் பஜ்ஜி, முறுக்குக்குப் பதில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல். 30 கிராம் கடலையை ஊறவைத்து வேகவைத்தால் ஒரு முட்டையின் அளவுக்குப் புரதம் கிடைத்துவிடும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தடாலடியாகக் குறைத்தால் சுகர் கீழே இறங்கி மயக்கம் வரலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரேஷனில் பருப்பை இரண்டு கிலோ ஆக்குங்கள், கூடவே கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஒரு கிலோ கொடுங்கள். சட்டமன்றத்தில் யாராவது இதைக் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது நீங்களும் கேளுங்கள்.