சொல்லச் சொல்லி வற்புறுத்துவது சிகிச்சை அல்ல

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "நீங்கள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதை இவர் மேடையிலேயே முடித்துவிட்டார், பாருங்கள்" என்று, மனநல சிகிச்சை தரும் எனக்கே அதை அனுப்பிவைத்திருக்கிறார்கள், அதுவும் என்னை நன்றாகத் தெரிந்தவர்கள். அதனால் எழுதுகிறேன்.

"சிகிச்சை" என்று சுவரொட்டி ஒட்டி, கட்டணம் வாங்கி நடத்திய ஒரு நிகழ்ச்சியில், பல ஆண்டுகளாகத் தூக்கமில்லை என்று சொல்ல எழுந்த ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையை அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன் சொல்லவைத்து, அவர் உடைந்து அழுததும் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, "இன்று இரவு நீ தூங்குவாய் அம்மா" என்று அனுப்பிவைத்ததற்குப் பெயர் சிகிச்சை அல்ல. அவர் "வேண்டாம் ஐயா" என்று சொல்வது காணொளியிலேயே கேட்கிறது. முகத்தைக்கூட மறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவருக்குத் தூக்கம் ஏன் வருவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தூங்குவது என்றால் காவலை விடுவது. ஒருமுறை காவல் இல்லாத நேரத்தில் தீங்கு நேர்ந்த உடம்பு, அதன் பிறகு இரவு முழுக்க விழித்திருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அவரிடம் "மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, தூக்கம் தானாக வரும்" என்று சொல்வது, அந்தக் காவலைப் பலவந்தமாகப் பிடுங்குவது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நாங்கள் பயிற்சியில் முதலில் கற்பதும் இதுதான்: பாதுகாப்பு முதலில், சம்மதம் அடுத்து, கதை அதற்குப் பிறகு.

இன்னொன்றும் சொல்கிறேன். தூக்கத்தைச் சரிசெய்யப் பல நேரங்களில் அந்தக் கதையே தேவைப்படுவதில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அமர்வுகள். படுத்த நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றைத் தினமும் எழுதிவரச் சொல்கிறோம். விழித்தபடி புரண்டுகொண்டிருக்காமல் இருக்க, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கிறோம். ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை, வலிப்பு நோய் உள்ளவர்களிடமும் இரவில் வண்டி ஓட்டுபவர்களிடமும் இன்னும் கவனமாக இருக்கிறோம். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் உட்காருங்கள் என்பது 1972இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை. பாதிப்புக்கு உள்ளானவரிடம் இதையே அப்படியே சொன்னால், இருட்டுக் கூடத்தில் தனியாக நிற்பதே அவருக்குப் பெரும் அச்சமாகிவிடும். ஆகவே எங்கே உட்காருவது, எந்த விளக்கு எரிய வேண்டும், கதவு எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதைப் பகலிலேயே அவருடன் பேசி முடிவுசெய்கிறோம். கெட்ட கனவுகளுக்குக்கூட, கனவின் போக்கை விழித்திருக்கும்போது அவரே மாற்றி எழுதி மனதில் ஓட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அதைச் சோதித்து, தூக்க மருத்துவர் பேரி கிராக்கோவ் குழுவினர் 2001இல் பலன் கண்டார்கள். அதிலும் யாரும் நடந்ததை விவரித்தாக வேண்டிய கட்டாயமில்லை.

என் வீட்டிலேயே இதைப் பார்த்தவள் நான். தம்பி விழுப்புரம் அருகே விபத்தில் இறந்தபோது, துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் "எப்படி நடந்தது, யார் முதலில் போன் செய்தார்கள், முகம் எப்படி இருந்தது" என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். கருமாதி முடிவதற்குள் தூக்கம் போய்விட்டது. செய்தி வந்தது இரவு ஒரு மணிக்கு என்பதால், தினமும் ஒரு மணி தாண்டும்வரை போனையே பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒரு டாக்டர் எதுவும் கேட்காமல் அல்பிரசோலம் என்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையை எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அந்தப் பழைய சீட்டுக்கே ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்த உளவியலாளர் தம்பியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போன் எந்த அறையில் இருக்கிறது என்றுதான் கேட்டார். அதை அப்பாவின் தலைமாட்டுக்கு மாற்றி, இரவில் அழைப்பு வந்தால் எடுப்பது அவர் பொறுப்பு என்று பேசி முடிவாயிற்று. மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தார்கள். அம்மா தூங்கத் தொடங்கி வெகுநாள் கழித்து, தானாகவே அவன் பேச்சை எடுத்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான்.

"அந்தப் பெண் விரும்பித்தானே மேடை ஏறினார்?" என்கிறார்கள். அத்தனை கண்கள் பார்த்திருக்க, மரியாதைக்குரியவர் என்று நம்பும் ஒருவர் கைநீட்டி அழைக்கும்போது மறுக்க எத்தனை பேரால் முடியும்? மறுத்தாரே, அதற்கு என்ன மதிப்பு கொடுத்தீர்கள்? "பேசினால் பாரம் குறையாதா?" குறையும். நடந்ததைத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சைகளும் உண்டு. ஆனால் அவை ஆயத்தத்தோடு, பல அமர்வுகளில், எந்த நேரமும் நிறுத்தும் உரிமையோடு நடப்பவை. "நம் பாட்டிமார்கள் தெரபியா போனார்கள்?" பாட்டிமார்கள் தூங்கினார்களா என்று யார் கேட்டீர்கள்?

எங்கள் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் குத்துகிறீர்கள். தனியாகத் தொழில் நடத்தும் எங்களுக்கு வயிற்றெரிச்சலாம். கட்டணம் பலருக்கு எட்டாதது என்பது உண்மை, அது எனக்கும் உறுத்துகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனாலும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கைக்காசைத்தான் கொடுக்கிறார்கள். அதற்காகக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டணத்துக்கு ஒரு மூடிய கதவும், வெளியே போகாத ஒரு வார்த்தையும் உத்தரவாதம். அந்தப் பெண்ணிடம் நுழைவுச்சீட்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு, அவர் அழுகையையும் எடுத்து விளம்பரமாக்கினார்களே, அது மலிவானதா?

மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மேடை மனநல நிலையம் அல்ல, அதனால் சட்டம் பொருந்தாது என்று அவர்கள் வாதாடலாம். அப்படியானால் சுவரொட்டியில் "சிகிச்சை" என்று போடாதீர்கள்.

தூங்க முடியாமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மருத்துவ உளவியலாளரிடம் போனால், அவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் இருக்கலாமா என்றும் கேளுங்கள். அதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த மாதம் கோவையில் இதே நிகழ்ச்சி என்று அறிவித்திருக்கிறார்கள். போகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது. மேடைக்கு அழைத்தால் மட்டும் இருக்கையை விட்டு எழாதீர்கள்.