தேர்தல் ஒப்பீடு இங்கே பொருந்தாது
தன் பதிவுக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது தவறில்லை, "வேட்பாளர் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வதில்லையா, அதுபோலத்தான் இதுவும்" என்கிறது கட்டுரை. தேர்தலில் யாராக இருந்தாலும் ஒரே ஓட்டு. பதிவுகளுக்கு விழும் ஓட்டுகளைப் பார்த்து டோக்கன்களை (கிரிப்டோ நாணயம்) பரிசாகத் தரும் ஸ்டீமிட், ஹைவ் தளங்களில் அப்படியா? எவ்வளவு டோக்கன் முடக்கி வைத்திருக்கிறோமோ அவ்வளவு கனம் நம் ஓட்டுக்கு. பரிசுத்தொகையோ எல்லோருக்கும் பொதுவான ஒரே குளம். என் பதிவுக்கு நானே அள்ளிக்கொள்வது அடுத்தவர் பங்கிலிருந்துதான் வருகிறது. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், "முதலீடு செய்தவனுக்கு வருமானம் வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான். ஆனால் 2019இல் விதி மாறியதிலிருந்து, பிறர் பதிவுக்கு ஓட்டுப் போட்டாலும் அந்தப் பரிசில் பாதி ஓட்டுப் போட்டவர்களுக்குத்தானே போகிறது! ஓட்டுப் போடப் போட நம் ஓட்டுச் சக்தி குறையும்; ஒரு நாளைக்கு நமக்குத் திரும்பக் கிடைப்பது சுமார் 10 முழு ஓட்டுகளுக்கான சக்தி. ஆரம்பத்தில் அத்தனையையும் என் பதிவுகளுக்கும், (சொல்ல வெட்கம்தான்) என் பின்னூட்டங்களுக்கும் கொட்டினேன். சில்லறை சேர்ந்தது, வாசிக்க ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒரு பெரிய கணக்குக்காரர் எதிர் ஓட்டுப் போட்டு மொத்தத்தையும் பூஜ்யமாக்கிவிட்டார். அன்று கோபம் வந்தது; இப்போது இல்லை. உழைத்து எழுதிய பதிவென்றால் ஒரு ஓட்டு மட்டும் இன்றும் போட்டுக்கொள்கிறேன், மற்றதெல்லாம் பிறருக்கு.