விமானத்துக்கும் நிறுவைதான் முதல் கணக்கு

போன கிழமை அக்காவின் மகன் அறிவியல் நகரிலிருந்து வந்திருந்தான். பொறியியல் பீடத்தில் இறுதி வருடம். ஆளில்லாச் சிறு விமானம் செய்யும் குழுவில் செலவுக் கணக்கு இவன் பொறுப்பு. பாடநூலைக் காட்டிக் கேட்டான்: "மாமா, விமானத்தைக் கிலோக் கணக்கிலயோ விலை போடுறவை? இதென்ன பழைய இரும்புக் கடையோ?"

வன்னியில் என் வயதுக்காரருக்கு விமானம் என்றால் பதுங்குகுழிதான் ஞாபகம் வரும். இவன் விமானத்தைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றைக்கு முழுவதையும் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கிலோக் கணக்கு சரியான வழிதான். ஆனால் அந்தக் கிலோவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் கணக்குப் போடுகிறவரின் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்தான் நிறைப் பொறியியலாளர். 1939 இலேயே அமெரிக்காவில் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியவர்கள் இவர்கள். வெளியே அவர்களைப் பலருக்குத் தெரியாது.

விமானம் காகிதத்தில் இருக்கும்போது எத்தனை தகடு, எத்தனை தறையாணி என்று யாருக்கும் தெரியாது. ஓரளவு பிடிபடுவது நிறை, வேகம், எத்தனை செய்யப் போகிறோம் என்பது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் டாப்கா என்ற செலவு மாதிரி, பழைய விமானங்களின் செலவுகளைப் பார்த்து, இந்த மூன்றையும் வைத்துத்தான் கட்டப்பட்டது. மாணவர்கள் படிக்கும் அதன் நாலாம் வடிவமான டாப்கா 4 இல் உற்பத்தி மணித்தியாலங்கள் நிறையின் 0.82 ஆம் அடுக்கோடு ஏறும். நிறை இரு மடங்கானால் வேலை நேரம் ஏறக்குறைய 1.77 மடங்கு. ஆக, நிறையில் விட்ட பிழை நேரே காசில் வந்து விழும்.

சரி, எந்த நிறை? சண்டையே இங்கேதான். போன காலபோகத்தில் நாங்கள் நெல்லு விற்றபோது, வாங்க வந்தவர் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூடைக்கு இரண்டு கிலோ கழித்தார். நெல்லு நன்றாகக் காய்ந்திருந்தது. தராசு பொய் சொல்லவில்லை. அது காட்டியதில் எது நெல்லு, எது நெல்லில்லை என்பதில்தான் நாங்கள் ஏமாந்தோம். விமானத்திலும் எரிபொருளும் ஆட்களும் ஏறாத வெற்று நிறை வேறு, பல செலவு மதிப்பீடுகளுக்கு எடுக்கும் சட்டக நிறை வேறு. இயந்திரம், சில்லு, பிரேக், டயர், பற்றரி, மானிகள், மின்னணுச் சாமான்கள் எல்லாம் வெளியில் வாங்கிப் பூட்டுபவை. அவற்றைக் கழித்து, தொழிற்சாலையே செய்யும் பகுதியை மட்டும் எடுப்பதுதான் சட்டக நிறை. ஒருவர் கழித்து இன்னொருவர் கழிக்காமல் விட்டால் ஒரே விமானத்துக்கு இரண்டு விலை வரும். கழிக்கும் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் நிறைப் பொறியியலாளர்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. சூத்திரம், நிறை குறைந்தால் செலவும் குறையும் என்று சொல்லும். பரந்தனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள். தடித்த பைப்பில் கேற் அடிப்பது சுகம். பாரம் குறைய வேண்டும் என்று மெல்லிய பொக்ஸ்பாரில் அடிக்கப் போனால் சூட்டில் வளையும், நிமிர்த்த வேண்டும், நேரம் போகும். கேற் பாரம் குறைந்ததுதான், கூலி ஏறிவிட்டது. விமானத்திலும் இதே கதை. அலுமினியத்துக்கு 1 என்றால் காபன் நார்க் கலப்புப் பொருளுக்கு மணித்தியாலங்களை 1.1 இலிருந்து 1.8 வரை பெருக்கச் சொல்லிப் பாடநூல் ஒன்று தருகிறது. எவ்வளவு பெரிய இடைவெளி! எந்தப் பகுதி எந்தப் பொருளில் எத்தனை கிலோ என்று தெரியாமல் இதில் எந்த எண்ணை எடுப்பது? போயிங் 787 இன் கட்டமைப்பு நிறையில் ஏறக்குறைய பாதி இந்தக் கலப்புப் பொருள்தான்.

நிறையைப் பிந்திப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு எஃப்-35பி என்ற அமெரிக்கப் போர்விமானம் இருக்கிறது. செங்குத்தாக இறங்க வேண்டிய விமானம், அதற்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. 2004 இல் நிறை வரம்பைத் தாண்டிவிட்டது. தனிக் குழு போட்டு ஆயிரம் கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். வடிவமைப்பைத் திரும்பச் செய்ததில் காலமும் பணமும் போனது.

அதனால்தான் நிறைப் பொறியியலாளரை விமானம் பறக்குமா என்று பார்க்க மட்டும் கூப்பிடுவது போதாது, விலை பேசும் மேசையிலும் முதல் நாளிலிருந்தே இருத்த வேண்டும் என்கிறேன். அவருடைய பட்டியலில் ஒவ்வொரு உறுப்பின் நிறைக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்றும் இருக்கும்: மதிப்பிட்டது, வரைபடத்திலிருந்து கணித்தது, தராசில் நிறுத்தது. செலவுக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குச் சொல்வது அந்த நிரல்தான்.

மருமகனிடமும் அப்படி ஒரு பட்டியல் போடச் சொன்னேன். நேற்றிரவு படம் எடுத்து அனுப்பியிருந்தான். மோட்டாரும் பற்றரியும் நிறுத்தாயிற்று. செட்டைக்கு நேரே இன்னும் "மதிப்பிட்டது" என்றுதான் கிடக்கிறது. செலவில் பெரிய பங்கு செட்டைதான். ஞாயிற்றுக்கிழமை வா தம்பி, வீட்டுத் தராசோடு இருந்து ஒரு துண்டு செய்து நிறுத்துப் பார்ப்போம் என்று பதில் போட்டிருக்கிறேன்.